உறுப்பினர் தொகுப்பில் எதை வைப்பது, எதைத் தனியாக விற்பது?

கேள்வி: வடக்குக் கேலரி

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பிரிவு லீக்கில் ஆடும் ஒரு கால்பந்துக் கிளப்பின் ஆதரவாளர் குழுவில் நான் இருக்கிறேன். அடுத்த சீசனிலிருந்து ஆண்டுச் சந்தாவுடன் உறுப்பினர் திட்டம் ஒன்றைத் தொடங்கும் பொறுப்பைக் கிளப் நிர்வாகம் எங்கள் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. ஏறத்தாழ 600 பேர் சேருவார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறோம். அது ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தை வைத்துப் போட்ட கணக்குதானே தவிர, யாரிடமும் சந்தா வாங்கிய அனுபவம் எங்களுக்கு இல்லை.

குழுவில் இரண்டு கருத்துகள் உள்ளன. பணம் கட்டியவரின் கைக்குக் கனமாக ஏதேனும் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆண்டு அவர் புதுப்பிக்க மாட்டார் என்பது ஒரு சாராரின் வாதம். அவர்கள் போட்ட பட்டியலில் ஜெர்சி, ஸ்கார்ஃப், தொப்பி, தண்ணீர் பாட்டில், கீசெயின், அட்டை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதையும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று படிநிலைகளாகப் பிரித்துப் பெயரும் சூட்டியாகிவிட்டது. மற்றொரு சாரார், அட்டை ஒன்றே போதும், மீதிப் பணம் இளையோர் அணிக்குப் போகட்டும் என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஏற்கெனவே இப்படியொரு திட்டத்தை நடத்தியவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன். தொகுப்பில் எந்தெந்தப் பொருள்கள் இருந்தால் பயன்? சைஸ் பார்த்துக் கொடுக்க வேண்டிய பொருள்களை அதில் சேர்க்கலாமா? சந்தாவில் எவ்வளவு பங்கைப் பொருளுக்கும் அனுப்பும் செலவுக்கும் ஒதுக்குவது நியாயமாக இருக்கும்? படிநிலைகள் உண்மையிலேயே தேவையா?

---

பதில்: சந்தா ஏடு

இதைப் போன்ற ஒரு திட்டத்தின் சந்தாப் பதிவேட்டைப் பல சீசன்களாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் குழுவின் இரு சாராரும் பொருளைப் பற்றித்தான் வாதிடுகிறார்கள். உறுப்பினராவதால் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இன்னும் யார் வாயிலிருந்தும் வரவில்லை என்று தெரிகிறது. அதை முதலில் தீர்த்துக்கொண்டால், பெட்டிக்குள் என்ன வைப்பது என்பது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெரிய கிளப்புகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் இருக்கைகளைவிட, கேட்பவர்கள் அதிகம். ஆகவே அங்கே உறுப்பினர் சந்தா என்பது பெரும்பாலும் டிக்கெட் விற்பனை தொடங்கும்போது பொதுமக்களுக்கு முன்பாகவே வாங்கிக்கொள்ளும் உரிமைக்கான கட்டணம். கூடவே வரும் பொருள்கள் ஒரு மரியாதைக்குத்தான். அதனால்தான் பொருளே இல்லாத, விலை குறைந்த டிஜிட்டல் உறுப்பினர் திட்டத்தை அங்குள்ள பல கிளப்புகளால் தயக்கமின்றி விற்க முடிகிறது. ஆஸ்திரேலியாவுக்கே உரிய வேறொரு ஆட்டமான ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நிலைமை வேறு. மைதானங்கள் பெரியவை, பெரும்பாலான ஆட்டங்களுக்கு இடம் கிடைத்துவிடும்; எனவே கிளப்புகள் உறுப்பினர் என்ற அடையாளத்தையே பண்டமாக்கின. ஸ்கார்ஃப், தொப்பி, அந்த ஆண்டைக் குறிக்கும் கார் ஸ்டிக்கர் என ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு தொகுப்பு போகிறது. ஆட்டத்துக்கே வர இயலாதவர்களுக்கும், ஏன், வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும்கூட அங்கே உறுப்பினர் திட்டம் உண்டு. 2018-இல் ரிச்மண்ட் கிளப் அந்த லீக்கில் முதன்முதலாக 1 லட்சம் உறுப்பினர்களைத் தொட்டது இந்த வழியில்தான். ஸ்பெயினின் பார்சிலோனாவிலோ உறுப்பினருக்குக் கிளப் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இருக்கிறது; அங்கே ஸ்கார்ஃப் கொடுக்கிறார்களா என்று கேட்டு யாரும் சேருவதில்லை.

உங்கள் மைதானத்தில் இடத்துக்குத் தட்டுப்பாடு இருக்காது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் முன்னுரிமை டிக்கெட்டை விற்க உங்களால் முடியாது. அடையாளமும், கிளப்பின் காரியங்களில் ஓரளவு குரலும்தான் உங்களால் கொடுக்க முடிந்தவை. அடையாளத்தைத் தாங்கும் பொருள்களை மட்டும் தொகுப்பில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் அடையாளத்தைத் தாங்காது. அது எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.

என் பரிந்துரை மூன்றே மூன்று: அட்டை, அந்த ஆண்டுக்கென்றே நெய்த ஸ்கார்ஃப் அல்லது ஆண்டு பொறித்த எனாமல் பேட்ஜ், தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். கடிதத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். கடந்த சீசனில் சந்தாப் பணம் எதற்குச் செலவானது என்று நான்கு வரியில் சொல்லும் கடிதம், புதுப்பித்தலுக்கு எந்தத் தொப்பியையும்விட அதிகம் உதவும் என்பதே நான் கண்டது.

அட்டையைப் பற்றி ஒன்று. பிளாஸ்டிக் அட்டை என்றால் வங்கி அட்டையின் அளவான 85.6 க்கு 54 மில்லிமீட்டரிலேயே அச்சிடுங்கள். பர்ஸில் நுழையாத அட்டை முதல் வாரமே மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அதில் பெயரும் உறுப்பினர் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்த அட்டை, கடையில் கொடுக்கும் தள்ளுபடி அட்டையைப் போலத்தான் இருக்கும். எண்ணை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள். சேர்ந்த வரிசைப்படி ஒருமுறை கொடுத்து, தொடர்ந்து புதுப்பிப்பவருக்கு அதையே வைத்திருங்கள். போர்த்துகல் கிளப்புகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, விலகியவர்களையும் மறைந்தவர்களையும் நீக்கி எண்களை மறுவரிசைப்படுத்துவார்கள். தன் எண் முன்னே நகர்ந்திருக்கிறது என்பதே அங்குள்ள ஆதரவாளருக்குப் பெருமை. செலவே இல்லாமல் கிடைக்கும் இந்தப் பெருமையை எந்தப் பொருளாலும் ஈடுகட்ட முடியாது. இந்த ஆண்டு சந்தாவை விட்டால் எண் போய்விடும் என்ற எண்ணம், தயங்கி நிற்பவரையும் புதுப்பிக்க வைக்கும்.

தங்கம், வெள்ளி, வெண்கலம் வேண்டவே வேண்டாம். பொருளின் எண்ணிக்கையால் பிரிக்கும் படிநிலை, குறைவாகக் கட்டியவரை இரண்டாந்தர ஆதரவாளராக உணர வைக்கிறது. அதற்குப் பதில், கிளப்போடு ஒருவருக்கு எப்படிப்பட்ட தொடர்பு இருக்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்: எல்லா உள்ளூர் ஆட்டங்களுக்கும் வருபவர், எப்போதாவது வருபவர், தொலைவில் இருந்துகொண்டு ஆதரிப்பவர், சிறுவர். நான்கு பேருக்கும் ஒரே அட்டை, ஒரே ஸ்கார்ஃப். நுழைவு உரிமை மட்டும் மாறட்டும். பொதி கட்டுகிற தன்னார்வலர்களின் பக்கமிருந்து பார்த்தாலும் இதுவே சுலபம். 600 உறைகளிலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருந்தால் தவறு நேர வாய்ப்பில்லை. மூன்று படிநிலை, ஐந்து சைஸ் என்று போனால் பதினைந்து வகைக் குவியல்களுக்கு நடுவே உட்கார வேண்டிவரும்.

சைஸ் உள்ள எதையும் தொகுப்பில் சேர்க்காதீர்கள் என்பதற்கும் அதுவே காரணம். ஜெர்சியைத் தனியாக, முன்பணம் வாங்கி, குறித்த தேதிவரை மட்டும் ஆர்டர் எடுத்து விற்கலாம்; உறுப்பினருக்குச் சிறு தள்ளுபடி கொடுக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, பொருள், உறை, அஞ்சல் மூன்றும் சேர்ந்து சந்தாவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால், நீங்கள் உறுப்பினர் திட்டம் நடத்தவில்லை, லாபம் குறைந்த ஒரு கடை நடத்துகிறீர்கள் என்று பொருள். விண்ணப்பப் படிவத்திலேயே 'எனக்குத் தொகுப்பு வேண்டாம், அந்தத் தொகையை இளையோர் அணிக்குக் கொடுங்கள்' என்று ஒரு கட்டம் வையுங்கள். உங்கள் குழுவின் இரண்டாவது சாராரும் அமைதியாகிவிடுவார்கள். ஒரே முகவரியில் நான்கைந்து பேர் இருக்கும் குடும்பங்கள் இதை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றன.

எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன் தொகுப்பு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பாதி சீசனில் வந்து சேரும் ஸ்கார்ஃப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகார்க் கடிதத்தைத் தடுக்காது.

---

பதில்: ஊசியும் மையும்

ஆடை அச்சு, எம்பிராய்டரி தொழிலில் இருக்கிறேன்; விளையாட்டுக் கிளப்புகளுக்கும் வேலை செய்து கொடுக்கிறோம். மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்காமல் விடும் சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

ஸ்கார்ஃப் நெய்யும்போது கிளப் சின்னத்தை அப்படியே கொடுத்து 'இதைப் போட்டுவிடுங்கள்' என்று சொல்வது வழக்கம். கேடயத்துக்குள் இருக்கும் மெல்லிய கோடும், சுற்றி வளைந்து வரும் சிறிய எழுத்தும் அக்ரிலிக் நூலில் வராது. பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு புள்ளி. புள்ளியைவிடச் சிறியதை நூலால் வரைய முடியாது. நிறங்களும் பொதுவாக நான்குக்குள் அடங்கினால்தான் விலை கட்டுப்படியாகும். ஆகவே ஸ்கார்ஃபுக்கென்று சின்னத்தின் எளிய வடிவம் ஒன்றை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். எம்பிராய்டரிக்கும் அதே வடிவம் உதவும். ஊசி வேலையில் 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள எழுத்து நூல் முடிச்சுபோல ஆகிவிடும். பின்பக்கம் எப்படித் தெரியும் என்பதையும் கேளுங்கள். சாதாரண இரட்டைப் பின்னலில் பின்பக்கம் நிறங்கள் இடம் மாறி, எழுத்து கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறி வரும். இரு பக்கமும் நேராகப் படிக்க வேண்டுமென்றால் குழாய்போல நெய்து மடித்துத் தைக்கும் முறை வேண்டும். அதற்கு நூல் கூடும், எடையும் கூடும்.

ஜெர்சியைப் பற்றி. ஸப்ளிமேஷன் முறையில் மை துணிக்குள்ளேயே ஏறிவிடுவதால் உரியாது, தடிமனும் தெரியாது. ஆனால் அது பாலியஸ்டரில் மட்டும்தான், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் துணியில்தான் வேலை செய்யும். பருத்தி டி-ஷர்ட்டில் செய்து கொடுங்கள் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பருத்திக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் சரி. அதில் நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் வீதம் ஆரம்பச் செலவு வருவதால், 50 உருப்படிக்கும் 500 உருப்படிக்கும் ஒன்றின் விலை பெரிதும் மாறும். பின்பக்கம் பெயரும் எண்ணும் வேண்டும் என்றால் வெப்பத்தால் ஒட்டும் படலம். அழுத்தமும் சூடும் நேரமும் சரியாக இருந்தால் பல சலவைகளைத் தாங்கும். அவசரத்தில் அழுத்தியது, முதல் சலவையிலேயே எழுத்தின் மூலைகளில் நகக்கண் அளவு தூக்கிக்கொள்ளும்.

உங்கள் கிளப் நிறம் சிவப்பா? அப்படியானால் இதைக் கட்டாயம் கேளுங்கள். சாயமேற்றிய சிவப்புப் பாலியஸ்டரின் மேல் வெள்ளை மையால் அச்சடித்தால், சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறும். அச்சடித்த அன்று பளிச்சென்று இருக்கும் வெள்ளை எழுத்து, மூட்டையில் கிடந்த சில நாளில் ரோஸ் நிறமாகிவிடும். மேலே வெள்ளை அடிப்பதற்கு முன் சாயத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு ஒன்றும், குறைந்த சூட்டில் காயும் மையும் பயன்படுத்தினால் இது நடக்காது. இதைச் செய்கிறீர்களா என்று அச்சகத்தாரிடம் நேரே கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்கு வேலை தெரியுமா என்பது புரிந்துவிடும்.

சைஸ் விகிதம் தெரியாதபோது நாங்கள் ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்ற வரிசையில் 1:2:2:1 என்று வெட்டுவோம். அது கடை வியாபாரத்துக்கான பொதுக் கணக்கு. ஆதரவாளர்கள் உள்ளே ஒரு சட்டை போட்டு, அதன் மேல் ஜெர்சியை அணிவதால் அவர்களிடம் பெரிய சைஸ்கள்தான் முதலில் தீரும், ஸ்மால் தேங்கும். முன்பணம் வாங்கி ஆர்டர் எடுக்கும் முறையில் இந்த ஊகமே தேவையில்லை. சரியான எண்ணிக்கையோடு ஒவ்வொரு சைஸிலும் ஓரிரண்டு மட்டும் கூடுதலாக வெட்டினால் போதும். ஆர்டர் எடுக்கும்போது 'எக்ஸ்எல்' என்று மட்டும் கேட்காமல், மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் போட்டு ஒரு அட்டவணையைக் காட்டுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரின் எக்ஸ்எல்லும் வேறு வேறு.

சாம்பிளைக் கையில் வாங்கி, தோய்த்துப் பார்த்து, அதன்பிறகு ஒப்புதல் கொடுங்கள். திரையில் பார்த்து நிறத்துக்கு ஒப்புதல் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சுத் தொழிலில் பொதுவாக வழங்கும் பேண்டோன் எண்ணைச் சொல்லுங்கள். ஸ்கார்ஃபுக்கு மாதிரி சரியான பிறகும் நெசவுக்கும் வரத்துக்கும் சேர்த்து ஒன்றரை இரண்டு மாதம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கடைசியாக, பெட்டியைப் பற்றி. கூரியர் நிறுவனங்கள் பல, நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 30 × 25 × 10 பெட்டி என்றால் 1.5 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும், உள்ளே இருப்பது 400 கிராம்தான் என்றாலும். அதே பொருளைத் தட்டையாக மடித்து 3 சென்டிமீட்டர் உறையில் போட்டால் கணக்கு 450 கிராமுக்கு வந்துவிடும். உங்கள் முதல் சாராரின் தொப்பியும் பாட்டிலும்தான் பெட்டியைக் கட்டாயமாக்குகின்றன. காற்றை அனுப்பக் காசு கொடுப்பானேன்?

---

பதில்: நின்றே பார்ப்பவன்

நான் நிர்வாகியும் இல்லை, தொழில்காரனும் இல்லை, சந்தா கட்டுகிறவன். மேலே இரண்டு பேரும் கொடுப்பவரின் பக்கமிருந்து நன்றாகச் சொன்னார்கள். வாங்குகிறவனின் பக்கமிருந்து சிறிது மாறுபடுகிறேன்.

சிறுவருக்கும் பெரியவருக்கும் ஒரே தொகுப்பு என்பதை ஏற்க மாட்டேன். பெரியவருக்கு அட்டையும் பேட்ஜும் போதும். சிறுவருக்குத்தான் தபாலில் தன் பெயருக்கே வரும் உறை பெரிய விஷயம். அவர்களுடைய உறையில் ஆட்டக்கால அட்டவணைச் சுவரொட்டி, ஸ்டிக்கர் தாள், தான் பார்த்த ஆட்டங்களில் கோல் போட்டவர் யார் என்று எழுதிவைக்கும் சிறு ஏடு இவையெல்லாம் இருக்கட்டும். எல்லாம் காகிதம்தான், எடையும் இல்லை, சைஸும் இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் கிளப்பை விடாது.

அடுத்தது குரல். 'சந்தா ஏடு' அதை ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டார். உறுப்பினர் என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அதற்குள் வாக்கு இருக்கிறதா இல்லையா என்பதை விண்ணப்பத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். ஜெர்மனியில் 1998-இல் வந்த 50+1 விதிப்படி, கால்பந்து அணியை நடத்தும் நிறுவனத்தில் வாக்குகளின் பாதிக்கு மேல் தாய்ச்சங்கத்திடமே இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தில் சந்தா கட்டுபவருக்கு ஓட்டு உண்டு. ஸ்பெயினில் 1990-இன் விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்முறைக் கிளப்புகளை நிறுவனங்களாக்கியபோது பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெடிக் பில்பாவோ, ஒசாசுனா ஆகிய நான்கும் உறுப்பினர் சங்கங்களாகவே தொடர்ந்தன. அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 5 லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்க முடியாது, டிக்கெட்டில் முன்னுரிமைகூடக் கிடையாது. இருந்தும் 2021–22 விற்பனையில் மக்கள் வாங்கினார்கள். சுவரில் மாட்டும் சான்றிதழும், ஆண்டுக் கூட்டத்தில் உட்காரும் உரிமையும், இயக்குநர் குழுவுக்கு வாக்களிக்கும் உரிமையும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதை எதுவும் கிடைக்காத காகிதம் என்று கேலி செய்பவர்களும் உண்டு. கேலி செய்பவர்கள் அணியின் ஆதரவாளர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எங்கள் கிளப்பில் சந்தாதாரர்களுக்குக் கொடுத்த ஓட்டு மிகச் சிறியது: அடுத்த ஆண்டின் ஸ்கார்ஃப் வடிவத்தை மூன்று வரைபடங்களிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். அதுவே பெரிய விவாதமாகி, பேசாமல் இருந்தவர்களும் பேசினார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்ததை எல்லாரும் அணிகிறார்கள். நிறத்தை ஆதரவாளர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு 2010-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆதரவாளர்கள் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள்மேல் இருந்த அதிருப்தியைக் காட்ட, கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சையும் மஞ்சளும் கலந்த ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்கு வந்தார்கள். கிளப் கடையில் வாங்கிய சிவப்பு ஸ்கார்ஃப் அன்று வீட்டில் கிடந்தது.

---

கேள்வி கேட்டவர்: வடக்குக் கேலரி

மூவருக்கும் மிக்க நன்றி. படிநிலைகளைக் கைவிட்டு, பெரியவருக்கு அட்டை, ஸ்கார்ஃப், கடிதம் என்றும், சிறுவருக்குக் காகிதப் பொருள்களோடு தனி உறை என்றும் குழுவில் முன்வைக்கப் போகிறேன். கிளப் நிறம் சிவப்பேதான். அடிப்பூச்சைப் பற்றிச் சொன்னதற்குத் தனி நன்றி.

இன்னும் இரண்டு ஐயங்கள். மைதான வாசலில் ஒருவர் எங்கள் சின்னம் போட்ட ஸ்கார்ஃபை வெகுகாலமாக விற்று வருகிறார், எல்லாருக்கும் வேண்டியவர். நாங்கள் அதிகாரபூர்வமான ஸ்கார்ஃப் கொண்டுவந்தால் அவரை என்ன செய்வது? மேலும், ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களிடம் என்ன சொல்வது?

---

பதில்: எல்லைக்கோடு

வாசல் வியாபாரியின் கேள்விக்கு ஒரு முன்னோடி வழக்கு இருக்கிறது. ஆர்சனல் கிளப்பின் மைதானத்துக்கு வெளியே பல ஆண்டுகளாக அக்கிளப்பின் பெயரும் சின்னமும் கொண்ட பொருள்களை விற்றவர், இவை அதிகாரபூர்வமானவை அல்ல என்று கடையிலேயே பலகை வைத்திருந்தார். சின்னம் இங்கே விசுவாசத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே, பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் வணிகக் குறியீடு அல்ல என்பது அவர் தரப்பு வாதம். 2002-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பலகை இருந்தாலும், மைதானத்தைவிட்டு வெளியே போன பிறகு அந்தப் பொருளைப் பார்ப்பவர் அது கிளப்பிடமிருந்து வந்தது என்றே எண்ணக்கூடும் என்றது. வழக்கு இங்கிலாந்து நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து, 2003-இல் மேல்முறையீட்டில் கிளப்புக்குச் சாதகமாக முடிந்தது.

ஆனால் அது சின்னத்தை முறையாகப் பதிவு செய்து வைத்திருந்த கிளப். உங்கள் சின்னம் பதிவாகியிருக்கிறதா, அதை வரைந்தவர் உரிமையை எழுத்தில் கிளப்புக்குக் கொடுத்திருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். நண்பர் ஒருவர் அன்பாக வரைந்து கொடுத்த சின்னங்கள் சிறு கிளப்புகளில் ஏராளம். காகிதம் எதுவும் இருக்காது. அது சரியாக இருந்தாலும், எல்லாருக்கும் வேண்டியவர் என்று நீங்களே சொல்லும் ஒருவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதைக் காட்டிலும், அவரையே உங்கள் விற்பனையாளராக்கி ஒரு ஸ்கார்ஃபுக்கு இவ்வளவு என்று பங்கு பேசிக்கொள்வது நல்லது. ஆட்ட நாளில் மழையில் நின்று விற்கத் தன்னார்வலர் யாரும் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. உறுப்பினர் ஸ்கார்ஃபின் வடிவம் மட்டும் உறுப்பினர்களுக்கே என்று ஒதுக்கிவிடுங்கள். வாசலில் விற்பது வேறு வடிவமாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், சந்தா கட்டியவர் ஏமாந்ததுபோல உணர்வார்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி: உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால், இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். வாங்குபவரின் பெயர் பொறித்தது போன்ற, அவருக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை இல்லை. எனவே ஆர்டர் படிவத்தில் பெயர் பொறித்த ஜெர்சியையும் வெற்று ஜெர்சியையும் தனித்தனி வரிசையாகப் போட்டு, எதற்குத் திருப்பும் உரிமை உண்டு, எதற்கு இல்லை என்று பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள். துணியிலோ அச்சிலோ குறை இருந்தால் அது வேறு. பெயர் பொறித்ததானாலும் மாற்றித் தர வேண்டியதுதான்.

இன்னொன்று, சிறுவர் உறைக்காக அவர்களுடைய பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் உங்களிடம் சேரும். அது எல்லாத் தன்னார்வலர்களின் தொலைபேசிக்கும் பகிரப்படும் ஒரு எக்ஸெல் தாளாக இருக்கக் கூடாது. பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும்.

---

பதில்: சந்தா ஏடு

சிறுவர் உறையைப் பற்றி 'நின்றே பார்ப்பவன்' சொன்னதை ஏற்கிறேன். அது என் யோசனையைவிட நல்லது.

ஆண்டு பொறிப்பதால் வரும் ஒரு சிக்கலையும் கவனத்தில் கொள்ளுங்கள். ஆண்டு இருந்தால்தான் சேகரிப்பவர் அடுத்த ஆண்டும் வருவார். ஆனால் சீசன் முடிந்ததும் மிஞ்சிய சரக்கு எதற்கும் உதவாது. 600 என்பது உங்கள் ஊகம் என்றபடியால், முதல் ஆண்டில் ஸ்கார்ஃபில் ஆண்டைப் போடாமல், கூடவே ஒரு பேட்ஜ் வைத்து அதில் மட்டும் போடுங்கள். பேட்ஜ் மிஞ்சினால் இழப்பு சிறிது. ஸ்கார்ஃப் மிஞ்சினால் பருவத்தின் நடுவில் சேருபவர்களுக்குக் கொடுக்கலாம். சந்தா வசூலை இரண்டு கட்டமாக வைத்து, முதல் கட்டத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி ஆர்டர் கொடுங்கள். முதல் கட்டத்தில் சேர்ந்தால்தான் முதல் ஆட்டத்துக்கு முன் தொகுப்பு உறுதி என்று அறிவித்துவிட்டால், தேதியைத் தள்ளிப்போடுபவர்கள் குறைவார்கள். முகவரி தவறித் திரும்பி வரும் உறைகளுக்கும், அஞ்சலில் தொலைந்தவற்றுக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம் தனியே எடுத்து வையுங்கள்.

ஆட்ட நாளில் அலுவலக ஜன்னலில் வந்து நேரில் பெற்றுக்கொள்ளும் வசதியையும் படிவத்தில் சேருங்கள். எங்களிடம் பாதிப் பேருக்கு மேல் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள்; அஞ்சல் செலவு அப்படியே மிச்சம்.